போகிற நாட்டில் கலவரம்: டைவிங் பயணத்தைத் தொடரலாமா, தள்ளலாமா, மாற்றலாமா?

பாண்டியிலும் கடலூரிலும் ஸ்கூபா டைவிங் பழகியவர்கள் இப்போது கணிசமாக இருக்கிறார்கள். இங்கே சான்றிதழ் வாங்கியதும் அடுத்த ஆசை திருகோணமலை, மாலத்தீவு, தாய்லாந்து. இன்னும் கொஞ்சம் காசு சேர்ந்தால் செங்கடல். சென்னையிலிருந்து டிக்கெட் போட்டு, டைவ் கடைக்கு முன்பணம் அனுப்பி, ஆபீசில் லீவும் வாங்கிய பிறகு, டிவியைப் போட்டால் அந்த நாட்டுத் தலைநகரில் டயர் எரிகிறது. வீட்டில் அம்மா வேண்டவே வேண்டாம் என்கிறார். கூட வருகிற நண்பர், "அதெல்லாம் தலைநகரத்தில்தான், நாம போறது கடற்கரைக்கு" என்கிறார். டைவ் கடைக்காரரோ வாட்ஸ்அப்பில் "எல்லாம் நார்மல், வாங்க" என்று எழுதி ஓர் ஆமை படத்தையும் சேர்த்து அனுப்புகிறார்.

மூன்று பேர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தண்ணீருக்குள் அரசியல் நம்மைத் தொடுவது அபூர்வம். ஏர்போர்ட்டுக்கும் படகுத்துறைக்கும் நடுவே உள்ள ரோட்டில்தான் அது நம்மைப் பிடிக்கும், இல்லாவிட்டால் ஊர் திரும்பும்போது பிடிக்கும். அதிலும் டைவருக்கு மற்றச் சுற்றுலாப் பயணிகளுக்கு இல்லாத ஒரு சங்கடம் உண்டு: நினைத்த உடனே விமானம் ஏற முடியாது. இந்தக் கேள்வியைக் கேட்கிற பெரும்பாலோர் யோசிக்காமல் விடுவது இதைத்தான்.

## எதை வைத்து எடை போடுவது

போகும் வழி. கலவரம் எவ்வளவு பெரியது என்பதைவிட அது எங்கே நடக்கிறது, எதை நிறுத்துகிறது என்பதைப் பாருங்கள். பாண்டியில் பந்த் என்றால் வெளியூர் உறவினர் போன் செய்து, "ஊரே பத்திக்கிச்சாமே" என்பார். தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் படகுகள் வழக்கம்போல மீனோடு வந்திருக்கும். ஆனால் தமிழ்நாட்டு பஸ் எல்லையிலுள்ள கோரிமேட்டோடு நின்றிருக்கும். வெளிநாட்டுக் கலவரங்களையும் இந்தக் கண்ணோடு பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும்.

நாலு உதாரணம் சொல்கிறேன். எகிப்தில் 2011 ஜனவரி 25 அன்று தொடங்கிய போராட்டம் பிப்ரவரி 11 அன்று ஜனாதிபதி முபாரக் பதவி விலகும்வரை நீண்டது. அந்த நாட்களில் செங்கடல் ஓரத்து ஹுர்கதாவும் ஷார்ம் எல் ஷேக்கும் பெரும்பாலும் அமைதியாகவே இருந்தன. ஆனால் நாடு முழுவதும் இணையம் சில நாட்கள் துண்டிக்கப்பட்டது, வங்கிகள் மூடப்பட்டன, கெய்ரோவில் ஊரடங்கு. கெய்ரோவில் விமானம் மாற வேண்டியவர்கள்தான் திண்டாடினார்கள்.

தாய்லாந்தில் 2008 நவம்பர் 25 அன்று போராட்டக்காரர்கள் பாங்காக்கின் சுவர்ணபூமி விமான நிலையத்தையே பிடித்துக்கொண்டார்கள். ஒரு வாரத்துக்கு மேல் அது முடங்கியது. சிமிலன் தீவுகளில் அப்போதுதான் சீசன் தொடங்கியிருந்தது. கடலில் ஒரு குறையும் இல்லை. பாங்காக் வழியாக ஊர் திரும்பத்தான் வழியில்லை.

மாலத்தீவில் 2018 பிப்ரவரி 5 அன்று அவசரநிலை அறிவிக்கப்பட்டு, ஒன்றரை மாதம் நீடித்தது. பிரச்சினை எல்லாம் தலைநகர் மாலேயில். விமான நிலையம் இருப்பது ஹுல்ஹுலே என்ற தனித் தீவில். அங்கிருந்து நேராக ஸ்பீட்போட்டில் ரிசார்ட்டுக்குப் போகிறவர் மாலே மண்ணை மிதிக்கவே வேண்டியதில்லை.

இலங்கையில் 2022இல் நடந்தது இதற்கு நேர் எதிர். ஜூலை 9 அன்று ஜனாதிபதி மாளிகைக்குள் மக்கள் புகுந்தது கொழும்பில். திருகோணமலையில் யாரும் சுற்றுலாப் பயணியைத் தொடவில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அதற்கு முன்பே, ஜூன் 28 முதல், அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்றாகிவிட்டது. கொழும்பிலிருந்து திருகோணமலை 250 கிலோமீட்டருக்கு மேல். வேனுக்கு டீசல் வேண்டும், படகுக்கு எரிபொருள் வேண்டும், சிலிண்டரில் காற்று நிரப்பும் கம்ப்ரசருக்குக் கரண்ட் வேண்டும். கிழக்குக் கரையின் டைவிங் சீசன் ஏறக்குறைய மே முதல் செப்டம்பர் வரை என்பதால், சீசனின் நடுவிலேயே அடி விழுந்தது. கல்லெறி எதுவும் இல்லாமலே ஒரு பயணம் படுத்துவிடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

கிளம்புகிற நேரம். டைவ் செய்யும்போது உடம்பில் கரையும் நைட்ரஜன் வெளியேற நேரம் வேண்டும். அதற்குள் விமானம் ஏறினால், கேபினில் அழுத்தம் குறைவதால் குமிழ்கள் உருவாகி மூட்டு வலியில் தொடங்கி முடக்கம்வரை போகலாம். பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு இது: படிநிறுத்தம் (மேலே வரும் வழியில் நின்று நின்று வருவது) தேவைப்படாத ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், ஒரே நாளில் பல டைவ் அல்லது பல நாள் டைவிங் என்றால் 18 மணி நேரம், படிநிறுத்தம் தேவைப்படும் ஆழமான டைவ் என்றால் 18 மணி நேரத்தைவிடக் கணிசமாகக் கூட. ஊரடங்கு அறிவித்துவிட்டார்கள், மாலை ஆறு மணிக்குக் கடைசி விமானம் என்கிற நிலையில், காலையில் இரண்டு டைவ் முடித்தவர் அதில் ஏறக் கூடாது. ஹோட்டலில் சும்மா இருந்தவர் ஏறிப் போய்விடுவார்.

மலைப்பாதைக்கும் இதே விதிதான். சுமார் 1,870 மீட்டர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவுக்கு டைவ் முடித்த அன்றே போவது நல்லதல்ல. பாண்டியில் காலையில் டைவ் அடித்துவிட்டு ராத்திரியே கொடைக்கானலுக்குக் கார் எடுப்பவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

விபத்து நேர்ந்தால். மேலே சொன்ன குமிழ்களால் வரும் டைவிங் நோய்க்கு உண்மையான வைத்தியம் அழுத்த அறை, அதாவது காற்றழுத்தத்தைக் கூட்டி வைத்துச் சிகிச்சை தரும் அறை. அது எல்லா ஊரிலும் இருக்காது. நோய் அறிகுறிகள் பெரும்பாலும் மேலே வந்த சில மணி நேரத்துக்குள் தெரியும், சில சமயம் மறுநாளும். அதாவது ராத்திரி பத்து மணிக்கு ஊரடங்கில் ஓர் ஆம்புலன்ஸ் கிடைக்குமா, அது எத்தனை சோதனைச் சாவடி தாண்ட வேண்டும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இன்னொரு ஆபத்து யார் கண்ணிலும் படாதது. கரண்ட் வெட்டு நாட்களில் கடைகள் ஜெனரேட்டர் போடும். அதன் புகை கம்ப்ரசர் காற்று இழுக்கும் குழாய்ப் பக்கம் போனால் சிலிண்டருக்குள் கார்பன் மோனாக்சைடு ஏறிவிடும். அதற்கு வாசனையே கிடையாது. ஆழத்தில் அழுத்தம் கூடுவதால் கொஞ்சம் கலந்திருந்தாலும் கெடுதல் பல மடங்கு. ஜெனரேட்டர் எங்கே இருக்கிறது, கம்ப்ரசர் குழாய் எங்கே இருக்கிறது என்று போய்ப் பார்ப்பதில் கூச்சமே வேண்டாம்.

காசு யார் கையில். விமான நிறுவனம் விமானத்தை ரத்து செய்தால் பணம் திரும்பும். பயந்து நாமே ரத்து செய்தால் பிடித்தம் போகத்தான் வரும், மலிவு டிக்கெட்டில் ஒன்றுமே வராது. காப்பீடும் பயத்துக்குப் பணம் தராது. கலவரம், போர் பற்றிப் பாலிசியின் விலக்குப் பகுதியில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். செய்தி வந்த பிறகு எடுத்த பாலிசி, ஏற்கெனவே தெரிந்த பிரச்சினைக்குப் பெரும்பாலும் செல்லாது. ஸ்கூபா டைவிங்கைச் சாகச விளையாட்டு என்று தனியாக ஒதுக்கி வைத்திருக்கும் பாலிசிகள் நிறைய. டூர் பேக்கேஜாக வாங்கியிருந்தால் டிசிஎஸ் (விற்பவர் முன்கூட்டியே பிடிக்கும் வரி) வேறு பிடித்திருப்பார்கள். அது வருமானவரிக் கணக்கில் கழியும், ஆனால் அதுவரை முடங்கிய பணம்தான்.

கூட வருபவர். முதல் முறை டைவ் அடிப்பவர், குழந்தை, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவர் யாராவது கூட வந்தால் மேலே சொன்ன எல்லாவற்றையும் இரண்டு பங்கு கடுமையாக வைத்துப் பாருங்கள்.

## வழி 1: திட்டப்படி போவது

இதற்கு எடுத்த எடுப்பிலேயே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கலவரம் தலைநகரோடு நிற்கிறது, நீங்கள் இறங்கும் விமான நிலையம் அங்கே இல்லை, அல்லது அங்கேயே இருந்தாலும் ஊருக்குள் போகாமல் வெளியேறிவிடலாம், எரிபொருளும் கரண்டும் கிடைக்கிறது என்றால் போவதில் தவறில்லை. மாலத்தீவு ரிசார்ட் இந்த வகை. அதே மாலத்தீவில் உள்ளூர் மக்கள் வாழும் தீவில் கெஸ்ட் ஹவுஸ் எடுத்து, மாலே வழியாக அரசுப் படகில் போகிற மலிவுப் பயணம் இந்த வகை அல்ல. ஒரே நாடு, ஒரே வாரம், இரண்டு வேறு ஆபத்து.

மறைந்திருக்கும் செலவுகளில் முதலாவது கூடுதல் நாள். திரும்பும் விமானத்துக்கு முன் ஒரு நாள் டைவ் இல்லாமல் விடுவது வழக்கம். கலவரக் காலத்தில் அதை இரண்டாக்குங்கள். ஐந்து நாள் பயணத்தில் மூன்று நாள்தான் தண்ணீர். அந்தக் கணக்கில் ஒரு டைவ் எவ்வளவுக்கு வருகிறது என்று வகுத்துப் பாருங்கள், சில சமயம் ஆசையே போய்விடும். இரண்டாவது, ரொக்கம். வங்கி மூடினால் கார்டு வெறும் பிளாஸ்டிக். நாலைந்து நாள் தங்கவும் வண்டி பிடிக்கவும் ஆகும் அளவுக்கு டாலர் கையில் இருக்க வேண்டும். மூன்றாவது, வண்டி வாடகை. டீசல் இல்லாத ஊரில் டிரைவர் கேட்பதுதான் விலை.

டைவிங்கையும் கொஞ்சம் சுருக்க வேண்டும். மட்டக்களப்புக்கு அப்பால் 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. ஆழ டைவிங்கில் சிறப்புப் பயிற்சி உள்ளவர்கள் அதற்காகவே போகிறார்கள். படிநிறுத்தம் தேவைப்படும் டைவ் அது. நாடு கொதிக்கும் வாரத்தில் நான் முதலில் வெட்டுவது அப்படிப்பட்ட டைவைத்தான். திருகோணமலைப் பக்கத்துப் புறாத்தீவு போன்ற ஆழம் குறைந்த இடம், ஒரு நாளைக்கு ஒன்று அல்லது இரண்டு, அதுவும் காலையில். உடம்பும் சீக்கிரம் விமானத்துக்குத் தயாராகும்.

இலங்கைக்குப் போகிற நம் ஊர்க்காரருக்கு ஒரு வசதி உண்டு. நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் நடுவே 2023 அக்டோபரில் பயணிகள் கப்பல் தொடங்கினார்கள், நடுவில் நின்று 2024 ஆகஸ்டில் மீண்டும் வந்தது. கப்பல் கடல் மட்டத்திலேயே போவதால் 18 மணி நேரக் கணக்கு அதற்குப் பொருந்தாது. டைவ் அடித்த மறுநாள் காலையிலேயே ஏறலாம். கடலூர்க்காரருக்கு நாகை மீனம்பாக்கத்தைவிடக் கிட்ட. ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். கடல் கெட்டால் நிற்கும், மழைக்காலத்தில் நிறுத்திவிடுவார்கள், திருகோணமலையிலிருந்து காங்கேசன்துறை போகவும் ரோடும் டீசலும் வேண்டும். இரண்டாவது கதவாக மனதில் வைத்துக்கொள்ளலாம்.

தமிழ் பேசுவது கிழக்கு மாகாணத்தில் பெரிய துணை. படகோட்டி முதல் சாப்பாட்டுக் கடை அக்கா வரை, உண்மையில் என்ன நிலவரம் என்பதை நம்மிடம் சொல்வார்கள். ஆங்கிலத்தில் கேட்டால் "நோ பிராப்ளம்" மட்டும்தான் கிடைக்கும். கேட்டுக்கொள்ளுங்கள், நீங்கள் அரசியல் பேசாதீர்கள். காரைக்கால், நாகை மீனவர் பிரச்சினையைச் சோதனைச் சாவடியில் நிற்கிற சிப்பாயிடம் விவாதிக்க வேண்டியதில்லை.

பாண்டிக்கே உரிய ஒரு விஷயம். ஒரே வீட்டில் அண்ணனுக்கு இந்தியப் பாஸ்போர்ட், அண்ணிக்குப் பிரெஞ்சுப் பாஸ்போர்ட் இருக்கும். நெருக்கடியில் இருவரையும் தேடி வரும் தூதரகம் வேறு. இருவரும் அவரவர் தூதரகத்தில் பதிவு செய்துவிட்டுப் போங்கள். பிரெஞ்சு வெளியுறவு அமைச்சகம் ஒவ்வொரு நாட்டு வரைபடத்தையும் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று பகுதி பகுதியாக நிறம் தீட்டி வெளியிடுகிறது. பிரான்சில் எடுத்த காப்பீடு என்றால் அந்த நிறத்தைப் பொறுத்து மாறுகிறதா என்று பாலிசியில் பாருங்கள். இந்தியப் பாஸ்போர்ட்காரருக்கும் அந்த வரைபடம் உதவும், ஏனென்றால் நாட்டை மொத்தமாகச் சொல்லாமல் எந்தக் கரை எப்படி என்று பிரித்துக் காட்டுகிறது. நம் வெளியுறவு அமைச்சகத்தின் அறிவிப்பையும் சேர்த்துப் பாருங்கள். "அத்தியாவசியம் தவிர்த்துப் போக வேண்டாம்" என்று அது சொல்லிவிட்டால் டைவிங் அத்தியாவசியத்தில் சேராது.

"அங்கே மக்கள் பெட்ரோலுக்கு வரிசையில் நிற்கும்போது நாம் உல்லாசமாகப் போவது சரியா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நம் பணம் அங்கே ஒரு படகோட்டி வீட்டு அடுப்பை எரிய வைக்கும் என்பதும் உண்மை, நம் படகுக்கு ஊற்றிய எரிபொருள் ஒரு மீனவருக்குக் கிடைக்காமல் போயிருக்கலாம் என்பதும் உண்மை. எரிபொருள் ரேஷனில் இருக்கும் வாரத்தில் நான் போக மாட்டேன். ரேஷன் முடிந்து கூட்டம் வராத மாதங்களில் போவேன். அப்போதுதான் அவர்களுக்கு ஆள் தேவை.

## வழி 2: தள்ளிப்போடுவது

கேட்க நிதானமான முடிவு. உண்மையில் இங்கே சொல்லும் நாலு வழிகளில் அதிகம் ஏமாற்றுவது இதுதான், காரணம் கடலுக்குச் சீசன் உண்டு. ஜூலைத் திருகோணமலைப் பயணத்தை "ஒரு மூணு நாலு மாசம்" தள்ளினால் போய் விழுவது வடகிழக்குப் பருவமழையில். அப்போது கிழக்குக் கரையில் டைவிங் கிடையாது. ஹிக்கடுவ, உணவட்டுன என்று தென்மேற்குக் கரைக்குத் திட்டத்தையே மாற்ற வேண்டும். சிமிலன் தீவுகளை மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை மூடியே வைத்திருப்பார்கள். ஆகவே தள்ளுவதென்றால் மாதக் கணக்கில் யோசிக்காமல் அடுத்த சீசனுக்குத் தள்ளுங்கள். கிட்டத்தட்ட ஒரு வருடம்.

இடையில் என்னென்ன கரையும் என்று பாருங்கள். விமானத் தேதியை மாற்றக் கட்டணம் இல்லை என்பார்கள். கட்டண வித்தியாசம் மட்டும் கட்டச் சொல்வார்கள், சில நேரம் அது புது டிக்கெட் விலைக்கு வந்துவிடும். டைவ் கடை தரும் கிரெடிட்டுக்குக் காலாவதி உண்டு. கலவரம் நீண்டால் அந்தக் கடையே இருக்குமா என்பதும் சந்தேகம். ஆறு மாதத்துக்கு மேல் தண்ணீரில் இறங்காதவரை எந்த நல்ல கடையும் நேராக ரீஃபுக்கு (கடலடிப் பவளத்திட்டு) கூட்டிப் போகாது, நீச்சல்குளத்தில் ஒரு மறுபயிற்சி வைப்பார்கள், அதற்கும் காசு. அப்புறம் லீவு. அடுத்த வருடம் நாலு நண்பர்களுக்கும் ஒரே வாரத்தில் லீவு கிடைப்பது நாடு அமைதியாவதைவிடக் கஷ்டம்.

இது சரியான முடிவாகும் இடமும் உண்டு. பிரச்சினைக்கு முடிவுத் தேதி தெரிந்தால், உதாரணமாகத் தேர்தல் முடிந்து முடிவு வரும்வரை என்றால், இரண்டு மூன்று வாரம் தள்ளினால் அதே சீசனுக்குள் நின்றுவிடலாம். அதேபோல ரீஃபண்ட் உள்ள டிக்கெட், எழுத்தில் தேதி போட்ட கிரெடிட் இரண்டும் கையில் இருந்தால் தள்ளுவது நஷ்டமில்லை. "எப்ப வேணும்னாலும் வாங்க சார்" என்று வாயால் சொல்லும் கிரெடிட்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

## வழி 3: அந்தமானுக்கு மாற்றுவது

விசா இல்லை, அன்னியச் செலாவணி இல்லை, ஊரடங்கு இல்லை. சென்னையிலிருந்து இரண்டேகால் மணி நேரத்தில் ஸ்ரீ விஜயபுரம். 2024 வரை போர்ட் பிளேர் என்று இருந்த ஊர். அங்கிருந்து கப்பலில் ஹேவ்லாக், இப்போதைய பெயர் ஸ்வராஜ் தீவு. டிக்சன்ஸ் பினாக்கிள், ஜானிஸ் கார்ஜ் போன்ற இடங்கள் சான்றிதழ் உள்ளவரை ஏமாற்றாது. ஸ்ரீ விஜயபுரத்துக் கடற்படை மருத்துவமனையில் அழுத்த அறை இருப்பது ஒரு தெம்பு. கலவரத்துக்குப் பயந்து மாற்றுகிறவர்களில் பெரும்பாலோருக்கு இதுதான் பொருந்தும்.

ஆனால் இங்கே அரசியல் செய்யாததை வானிலை செய்யும். 2016 டிசம்பரில் வார்தா புயலாக மாறப்போகும் தாழ்வு மண்டலம் அந்தமான் பக்கம் நின்றபோது, ஹேவ்லாக்கிலும் நீல் தீவிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். கடற்படைக் கப்பல்கள் போய்த்தான் மீட்டன. அதே புயல் டிசம்பர் 12 அன்று சென்னையில் கரை கடந்து இங்கே விமான நிலையத்தையும் மூட வைத்தது. ஆகவே நவம்பர், டிசம்பரில் அந்தமானுக்கு மாற்றுகிறவர் கலவரத்தை விட்டுப் புயலைப் பிடிக்கிறார். ஜனவரி முதல் ஏப்ரல் வரை என்றால் கவலை குறைவு. தென்மேற்குப் பருவ மாதங்களில், அதாவது இலங்கைக் கிழக்குக் கரையின் சீசனில், அந்தமான் நல்ல மாற்று ஆகாது. இரண்டு கடலுக்கும் காலண்டர் வேறு.

செலவில் கவனிக்க வேண்டியவை: கடைசி நேர விமான விலை, ஹேவ்லாக் கப்பலுக்குத் தனி டிக்கெட், உள்நாட்டு விமானங்களில் பெரும்பாலும் 15 கிலோ மட்டுமே இலவசமாகக் கொண்டுபோகலாம் என்ற வரம்பு. சொந்த பிசிடி (மிதவைச் சட்டை), ரெகுலேட்டர் (மூச்சுக் கருவி), துடுப்பு எடுத்துப் போனால் துணிக்கு இடம் இருக்காது. பறப்பதற்கு முன் காத்திருக்கும் விதி இங்கேயும் அப்படியே, ஆனால் அந்த ஒரு நாளைச் செல்லுலர் சிறை பார்க்கப் பயன்படுத்தலாம், வீண் இல்லை.

லட்சத்தீவு, கர்நாடகத்து நேத்ராணித் தீவு என்றும் சொல்வார்கள். லட்சத்தீவுக்கு முன் அனுமதி வேண்டும், அவசரமாக மாற்றுகிறவருக்கு ஒத்துவராது. நேத்ராணி இரண்டு நாளுக்குப் போதும், ஒரு வாரத்துக்குக் காணாது.

## வழி 4: பாண்டியிலேயே இறங்குவது

நம் ஊர்க்காரரே அலட்சியம் செய்வது இதை. மாலத்தீவுப் பவளத்தை எதிர்பார்த்து இறங்கினால் ஏமாற்றம்தான். கரையிலிருந்து சுமார் 5 கிலோமீட்டரில், 18 மீட்டர் ஆழத்தில் செயற்கையாக உருவாக்கிய டெம்பிள் ரீஃப் இருக்கிறது. அதற்கும் அப்பால் ஆழமான பாறைத் திட்டுகள். கூட்டமாக மஞ்சள் சங்கரா வகை மீன்கள், பாறை மீன், களவா, விலாங்கு, லயன்ஃபிஷ் எல்லாம் உண்டு. கடல் தெளிந்த நாளில் இது எந்த ஊர் டைவுக்கும் குறைந்ததில்லை. தெளியாத நாளில் கூட வருபவரின் துடுப்பு மட்டும்தான் தெரியும்.

அந்தத் தெளிவு ஒவ்வொரு நாளும் மாறுவதுதான் இங்கே பெரிய பிரச்சினை. பொதுவாகப் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை நன்றாக இருக்கும், பருவமழைக்கு முன்பும் சில வாரம் நல்ல நாட்கள் கிடைக்கும். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை நம்ப முடியாது. 2011இல் தானேயும் 2024இல் ஃபெஞ்சலும் எங்கே கரை ஏறின என்று கடலூர்க்காரருக்குச் சொல்லவேண்டியதில்லை. திறந்த கடல் என்பதால் படகு ஆடும். வாந்தி வருகிறவர் முந்தின இரவே மாத்திரை பற்றி டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

விமானம், ஹோட்டல், ரொக்க டாலர் எதுவும் இல்லை. காலையில் கடல் கலங்கியிருந்தால் வீட்டுக்குப் போய் இட்லி சாப்பிட்டுவிட்டு மறுநாள் வரலாம். இதற்கு ஈடான வசதி வேறு எந்த வழியிலும் இல்லை. மறைமுகச் செலவு ஒன்றே ஒன்று: வீட்டில் இருந்தால் லீவு லீவாக இருக்காது. கேஸ் சிலிண்டர்க்காரர் வருவார், ஆபீசிலிருந்து போன் வரும், சித்தி மகள் கல்யாணப் பத்திரிகையோடு நிற்பாள்.

## ஒரே பார்வையில்

| | திட்டப்படி போவது | தள்ளுவது | அந்தமான் | பாண்டி |
|---|---|---|---|---|
| வழியில் ஆபத்து | கலவரம் எதை நிறுத்துகிறது என்பதைப் பொறுத்தது | இல்லை | கப்பல், வானிலை | இல்லை |
| அவசரமாகத் திரும்புவது | கடினம். டைவ் செய்திருந்தால் இன்னும் கடினம் | கேள்வி எழாது | ஒரு நாள் காத்திருப்பு | வீட்டுக்கு ஆட்டோ |
| மறைந்த செலவு | கூடுதல் நாட்கள், ரொக்கம், வண்டி | கட்டண வித்தியாசம், மறுபயிற்சி, காலாவதியாகும் கிரெடிட் | கடைசி நேர டிக்கெட், லக்கேஜ் | கலங்கிய நாட்கள் |
| எப்போது ஒத்துவராது | எரிபொருள் தட்டுப்பாடு, விமான நிலையமே முடங்கினால் | சீசன் முடிவில் | மே கடைசி முதல் செப்டம்பர் வரை, புயல் காலம் | அக்டோபர் கடைசி முதல் டிசம்பர் வரை |
| யாருக்கு | அனுபவமும் நேரமும் உள்ளவருக்கு | ரீஃபண்ட் கையில் உள்ளவருக்கு | சான்றிதழ் உள்ளவருக்கு, குடும்பத்துக்கு | புதியவருக்கு, சீசனில் எல்லோருக்கும் |

## என் முடிவு

இன்னும் சான்றிதழே வாங்காதவர் வெளிநாட்டுப் பயணத்தை விட்டுவிட்டுப் பாண்டியில் பாடத்தை முடியுங்கள். பதற்றமான ஊரில் முதல் டைவ் வேண்டாம். தண்ணீருக்குள் பயப்பட வேறு காரணமே போதும். குழந்தையோடு போகிறவர் சீசன் பொருந்தினால் அந்தமான், பொருந்தாவிட்டால் அடுத்த வருடம். டிக்கெட்டில் ரீஃபண்ட் உள்ளவர் தள்ளுவதைப் பற்றி யோசிக்கலாம்.

அனுபவமுள்ள இரண்டு மூன்று பேர், லீவில் இரண்டு நாள் இழுபறிக்கு இடம் வைத்திருப்பவர்கள், நாடும் வழி 1இல் சொன்ன மாலத்தீவு ரிசார்ட் வகை என்றால் போங்கள். ஆனால் டிக்கெட்டை இப்போதே ரத்து செய்யாதீர்கள், போவதாக இப்போதே முடிவும் எடுக்காதீர்கள். புறப்படுவதற்கு மூன்று நாள் முன்புவரை பொறுத்திருங்கள். விமான நிறுவனம் முந்திக்கொண்டு ரத்து செய்தால் பணம் முழுதாகத் திரும்பும், உங்களுக்கு நஷ்டமில்லை.

அந்த மூன்றாவது நாள் டைவ் கடைக்குப் போன் செய்யுங்கள். வாட்ஸ்அப் வேண்டாம், குரலில் கேளுங்கள். நேற்று எத்தனை படகு கடலுக்குப் போனது? அடுத்த வாரத்துக்கு எரிபொருள் கையில் இருக்கிறதா? கரண்ட் போனால் கம்ப்ரசரை எதில் ஓட்டுகிறீர்கள்? படகில் ஆக்சிஜன் உண்டா? அழுத்த அறை எந்த ஊரில், ராத்திரியில் அங்கே கொண்டுபோக யாரைக் கூப்பிடுவீர்கள்? நல்ல கடைக்காரர் கடைசிக் கேள்விக்கு ஊர் பெயர், போன் நம்பரோடு அந்த இடத்திலேயே பதில் சொல்வார். அவர் இழுத்தால், டிக்கெட்டில் போகிற பிடித்தம் போகட்டும், நீங்களே ரத்து செய்துவிடுங்கள்.